வேகமா, சிக்கனமா?

மாணவ நண்பர்களே, ஒரு கணக்குடன் தொடங்குகிறேன். தாளும் பென்சிலும் வேண்டா. மனத்திலேயே போட்டுப் பாருங்கள். ஒரு மோட்டார் கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது. அதைச் சீர்செய்து 12 கிலோமீட்டர் ஓடும்படி செய்கிறார்கள். மற்றொரு கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடுவது. அதை 25 ஆக உயர்த்துகிறார்கள். இரண்டும் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடுமானால், எந்தக் காரில் மிச்சமாகும் பெட்ரோல் அதிகம்?

இரண்டாவது காரில்தான் என்று உங்களுள் பெரும்பாலோர் விடை கூறியிருப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். முதற் கார் குடித்து வந்தது 600 லிட்டர், இப்பொழுது 500. மிச்சம் 100 லிட்டர். இரண்டாவது கார் குடித்து வந்தது 300 லிட்டர், இப்பொழுது 240. மிச்சம் 60 லிட்டர்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டே பழகிவிட்டபடியால் நமக்கு இந்த மயக்கம் நேர்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறார்கள். அங்கே உள்ளவர்களுக்கு இம்மயக்கம் எழ வழியில்லை.

இக்கணக்கை எனக்கு எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பழைய கார் வாங்க நேர்ந்தபோது நானே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கார் வாங்கிய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

2023ஆம் ஆண்டில், பெங்களூரில் வேலையாயிருந்த என் மகன் குடும்பத்துடன் கோவைக்கே திரும்பி வந்தான். அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். பேரக் குழந்தைகள் இருவர். என் மனைவிக்கோ இரு முழங்காலிலும் வலி. பஸ்ஸில் படியேற இயலாத நிலை. ஆகவே, கார் தேவை என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. புதிய கார் வாங்கப் பணம் இல்லை என்பதிலும் வேற்றுமை இல்லை. எந்தக் கார் என்பதில்தான் தகப்பனும் மகனும் இரு கட்சியாகப் பிரிந்தோம்.

நான் பார்த்து வைத்தது 2015ஆம் ஆண்டில் வெளிவந்த மாருதி வேகன்-ஆர். என் நண்பர் ஒருவருடையது. எஞ்சின் 998 சி.சி.; ஆற்றல் 68 குதிரைச் சக்தி. உயரமான கூடு உடையது. ஆகையால் நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாம். நகரத் தெருக்களில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தருவதாக நண்பர் சொன்னார். என் மகன் பார்த்து வைத்தது அதே ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. அதன் எஞ்சின் 1,197 சி.சி.தான், ஆயினும் அதில் டர்போ என்னும் கருவி உண்டு. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையாலேயே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவது அக்கருவியின் வேலை. அதன் பயனாக 105 குதிரைச் சக்தி கிடைக்கிறது. ஏழு கியர்களையும் அதுவே மாற்றிக்கொள்ளும். நகரில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றார் விற்பவர். விலை வேகன்-ஆரைவிட ஒன்றரை லட்சம் அதிகம்.

கோவை இளைஞன் ஒருவன் வேகத்தில் மனம் வைப்பது வியப்பன்று. பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவர்தன் வாழ்ந்த ஊர் இது. அவர் பெயரைத் தாங்கிய பந்தயத் தளம் செட்டிபாளையத்தில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இவ்வூர்க்காரரே. இவற்றையெல்லாம் அறிந்திருந்தும், “குடும்பக் காருக்குப் பந்தயம் எதற்கு?” என்று நான் கேட்டேன். தலைமையாசிரியர் குரலில் கேட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மகன் கோபப்படவில்லை. “அப்பா, இரண்டு வழிச் சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போது, எதிரே வருகிறவனுடைய பாதையில் எத்தனை விநாடி இருக்கிறோம் என்பதுதான் ஆபத்து. இந்த வண்டி அந்த விநாடிகளைக் குறைக்கும். வால்பாறைக்குச் சித்தி வீட்டுக்குப் போக நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேரையும் சுமந்துகொண்டு ஏற வேண்டுமே!” என்றான். இதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. தாண்ட வல்ல வண்டி, தாண்ட வேண்டாத இடத்திலும் தாண்டச் சொல்லும் என்று மட்டும் கூறினேன். அதுவும் உண்மைதான், ஆனால் அவன் கேட்டதற்கு அது விடையன்று.

ஆகவே கணக்கு நோட்டை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளும் மருத்துவமனையும் வால்பாறையும் சேர்த்து ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் என்று வைத்தேன். வேகன்-ஆருக்கு 250 லிட்டர். போலோவுக்கு 333 லிட்டர். வேறுபாடு 83 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 8,300 ரூபாய். மாதம் எழுநூறு ரூபாய் கூட இல்லை! இந்த எழுநூறு ரூபாய்க்காகவா ஒரு வாரமாக வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. இன்ஷூரன்ஸையும் பார்த்தேன். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை எஞ்சினின் அளவைக் கொண்டே விதிக்கிறார்கள். 2022 ஜூன் முதல் வந்த விகிதப்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத கார்களுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய். இதிலும் வேறுபாடு 1,322 ரூபாய்தான். விலையில் உள்ள ஒன்றரை லட்சமும், பழுது பார்க்கும் செலவுமே பெரிய தொகைகள். தானே மாறும் இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டி, எந்த நிறுவனம் செய்ததாயினும், பழுதுற்றால் செலவு லட்சத்தைத் தொடக்கூடும் என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். நாங்கள் சண்டையிட்டதோ பெட்ரோலைப் பற்றி!

அன்று இரவு நோட்டை என் மருமகள் வாங்கிப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து, “மாமா, இந்த 4,000 கிலோமீட்டரில் நான் பள்ளிக்கூடம் போவது சேர்ந்திருக்கிறதா?” என்று கேட்டாள்.

சேரவில்லை. அவள் ஆசிரியை. பொள்ளாச்சிச் சாலையில் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். என் மகனோ தொழிற்சாலை பஸ்ஸில் போகிறவன். கார் வந்தால் வாரத்தில் ஐந்து நாள் அதை ஓட்டப்போகிறவள் அவள்தான். அவளைத் தவிர நாங்கள் எல்லாரும் பேசி முடித்திருந்தோம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், 220 பள்ளி நாட்கள், 6,600 கிலோமீட்டர். முன்னதோடு கூட்டினால் 10,600. பெட்ரோல் வேறுபாடு 220 லிட்டராயிற்று. பணம் 22,000 ரூபாய் ஆயிற்று. ஒரு பெண்ணின் பயணத்தைக் கணக்கில் விட்டதனால் விடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டிருந்தது. மாணவர் எவரேனும் இப்படி ஓர் உறுப்பை விட்டுக் கூட்டியிருந்தால் நான் சும்மா விட்டிருக்கமாட்டேன்.

இனி வேகன்-ஆர்தான் என்று மனத்துக்குள் மகிழ்ந்தேன். அவளுடைய இரண்டாவது கேள்வி அம்மகிழ்ச்சியையும் போக்கிவிட்டது. “நீங்கள் பார்த்த வண்டியில் காற்றுப்பை உண்டா, மாமா?”

நண்பரிடம் கேட்டேன். இல்லை என்றார். அவர்மேல் குற்றமில்லை, அவர் வாங்கியது விலை குறைந்த மாதிரி. எல்லாப் புதிய கார்களிலும் ஓட்டுநருக்குக் காற்றுப்பை இருந்தாக வேண்டும் என்னும் விதி நம் நாட்டில் 2019 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முற்பட்ட பழைய கார்களை வாங்குவோர் ஒவ்வொரு வண்டியாகக் கேட்டே அறிய வேண்டும். காற்றுப்பை என்பது மோதிய கணத்தில் விரிந்து தலைக்கும் மார்புக்கும் அணையாக நிற்பது. வார்ப்பட்டையும் அணிந்திருந்தால்தான் அதன் பயன் முழுமையாகும்.

என் மகன் அப்பொழுதுதான் ஒரு செய்தியைச் சொன்னான். 2014ஆம் ஆண்டில் குளோபல் என்காப் என்னும் அமைப்பு இந்தியக் கார்களை மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத போலோ, பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இரண்டு காற்றுப்பைகள் வைத்த அதே போலோ 4 நட்சத்திரம் பெற்றது. அவ்வாண்டு முதல் எல்லாப் போலோக்களிலும் இரண்டு காற்றுப்பைகள் வைக்கலாயினர். ஆக, நான் விவேகம் என்று எண்ணிய வண்டியில் என் மருமகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் காப்பு இல்லை. விளையாட்டு என்று இகழ்ந்த வண்டியில் இருந்தது. எழுநூறு ரூபாயைக் கண்டு வெட்கப்பட்டேன் என்றேனே, இதைக் கேட்டபோது எனக்கு வெட்கம் வரவில்லை, பயமே வந்தது. நான் மட்டும் முந்திக்கொண்டு முன்பணம் கொடுத்திருந்தால்?

வேகன்-ஆரைக் கைவிட்டோம். போலோ ஜி.டி.யைப் பார்க்கப் போனோம். சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் உடன் வந்தார். வகுப்பில் என்னிடம் அடிக்கடி தண்டனை பெற்றவர்; இன்று நான் அவரிடம் பாடம் கேட்டேன். முதலில் அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. குனிந்து டயர்களைப் பார்த்தார். “ஐயா, பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கிறது, படியுங்கள்” என்றார். 1122 என்றிருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் வாரத்தில் செய்த டயர் என்பது அதன் பொருள். வண்டி ஓடியிருப்பதாகக் கருவி காட்டியது 38,000 கிலோமீட்டர். “இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு அதற்குள் நான்கு டயரும் புதிதாகவா?” என்று அவர் மெல்லச் சொன்னார். பிறகு பிரேக் மிதியின் ரப்பரைக் காட்டினார், தேய்ந்து வழவழத்திருந்தது. பழுதுபார்த்த ரசீதுகளைக் கேட்டார். அவற்றுள் ஒன்றில், ஓராண்டுக்கு முன்னரே 52,000 என்று எழுதியிருந்தது. தம் கருவியொன்றை வண்டியில் பொருத்திப் பார்த்துவிட்டு, எஞ்சினை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டில் சக்தியைக் கூட்டும் மாற்றம் செய்யப்பட்டிருப்பதாகவும் கூறினார். விற்க வந்தவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் வணக்கம் சொல்லித் திரும்பினோம்.

அந்த வண்டியின் மீது எனக்கு மனத்தாங்கல் கிடையாது. யந்திரம் பொய் சொல்வதில்லை. வேகமான வண்டிகளைப் பழையதாக வாங்கும்போது, முன்பு அதை ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதையும் சேர்த்தே வாங்குகிறோம், அது ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிராது. சிக்கனமான வண்டிகளிலும் கருவியைத் திருப்புவோர் உண்டு என்றாலும், அவற்றைப் பந்தயக் குதிரையாக்க முயல்வோர் குறைவு.

திரும்பும் வழியில் அந்த மாணவரே வழிகாட்டினார். 2018இல் அதே போலோவில் 999 சி.சி. எஞ்சின் வைத்து வெளியிட்டார்கள், டர்போ இல்லை, 76 குதிரைச் சக்தி, கையால் மாற்றும் ஐந்து கியர்கள். அதே உடல், அதே இரண்டு காற்றுப்பைகள். 1,000 சி.சி.க்கு ஒரே ஒரு சி.சி. குறைவாயிருப்பதால் காப்பீட்டுக் கட்டணமும் சிறிய வகுப்பிலேயே அடங்கும். “ஆனால் ஐயா, இழுவையை எதிர்பார்க்கக் கூடாது” என்று எச்சரித்தார். போலோவின் தயாரிப்பு 2022இல் நம் நாட்டில் நின்றுவிட்டது என்பதையும் அவரே சொன்னார். அதனால் உதிரி பாகங்களுக்குச் சில வேளை காத்திருக்க நேரும். அப்படிப்பட்ட ஒன்றைத் தேடி இரண்டு மாதம் அலைந்தோம். கிடைத்ததை முதலில் ஓட்டிப் பார்த்தவள் என் மருமகள். “கிளட்ச் இலேசாக இருக்கிறது, பள்ளிக்குப் போய் வரலாம்” என்றாள். அதற்குமேல் எவரும் வாதாடவில்லை.

எழுத்து வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் உங்களுக்கு உதவும். ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கடன் தீர்ந்ததற்குச் சான்றிதழ் பெற வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

என் மனைவிக்கு அந்தக் காரின் ஆசனம் தாழ்வு. வேகன்-ஆர் அவளுக்கு ஏற்றதாக இருந்திருக்கும். அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இலவம்பஞ்சு மெத்தை ஒன்று தைத்து முன் ஆசனத்தில் போட்டிருக்கிறோம். இறங்கும்போது யாரேனும் கைகொடுக்க வேண்டும். தொட்டியை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும் வரை ஓடிய தூரத்தை ஊற்றிய பெட்ரோலால் வகுத்து நோட்டில் எழுதி வருகிறேன். நகரில் 14 வருகிறது.

அவ்வாண்டு பூஜை விடுமுறையில் வால்பாறைக்குப் போனோம். மகன் ஓட்டினான். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்குமாக முனகிற்று. ஏ.சி.யை நிறுத்தினோம். என் மனைவி குழந்தைகளுடன் சேர்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். பதினேழாவது வளைவுக்கு மேல் சற்று நேரான ஓரிடத்தில், ஒரு சிவப்பு நிறப் போலோ ஜி.டி. பின்னாலிருந்து வந்து, சிரமமின்றி எங்களைத் தாண்டி மேலே சென்றது. நல்ல ஓசை, கேட்க இனிமையாகத்தான் இருந்தது.

“பார்த்தீர்களா, அப்பா?” என்றான் மகன்.

“பார்த்தேன்” என்றேன்.

“பதினெட்டு” என்றாள் என் பேத்தி.