வானத்துச் சட்டம் எம்மொழியில்?

(இலுப்பூர்த் தனித்தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆளில்லா வானூர்தி. தமிழாசிரியனுக்கும் வானூர்திக்கும் என்ன தொடர்பு என்று வினவுவீர்கள். தொடர்பு உண்டு, பொறுத்துக் கேளுங்கள்.

நம் இலுப்பூர் வட்டம் கண்மாயையும் கிணற்றையும் நம்பிய நிலம். இங்கே முதுகில் நஞ்சுக்கலம் சுமந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் கூலியாளை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அந்நஞ்சு பயிரிற் படுமுன் அவன் மூச்சிற் படுகிறது. பத்து இலிட்டர்க் கலம் தாங்கிய ஆளில்லா வானூர்தியோ ஓர் ஏக்கரை ஏறத்தாழப் பத்து மணித்துளியில் தெளித்து முடிக்கும். ஆகவே இக்கருவி வருக! அறிவியலுக்கு நாம் பகைவர் அல்லேம்.

ஆனால், கருவியோடு சட்டமும் வருகிறது. பொதுமக்கள் இதனைப் பறக்கவிடுவதைத் தில்லியரசு 2014இல் தடுத்தது; 2018இல் கட்டுப்பாடுகளோடு இசைந்தது; 2021 ஆகத்து 25இல் எளிய புதுவிதிகளை வெளியிட்டது. அவற்றின்படி வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என முப்பகுதி. பச்சையில் 400 அடி உயரம்வரை முன்னிசைவு வேண்டா. வானூர்தி நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர்த் தொலைவில் அவ்வுயரம் 200 அடி. சிவப்பிற் பறக்க நடுவணரசின் இசைவு வேண்டும். 250 கிராமுக்கு மேற்படாத சிறுகருவியை இயக்கச் சான்றிதழ் வேண்டா. மருந்து தெளிக்கும் பெருங்கருவிக்கு வேண்டும். அதனைப் பெற 18 அகவையும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் தேவை. விதி மீறினால் தண்டம் ஓரிலக்கம் உருபா வரை!

விதிகள் வேண்டா என்று யான் கூறவில்லை. காற்றில் விலகும் நஞ்சு அடுத்தவன் கிணற்றில் விழலாகாது. விழிபடைத்த கருவி பிறர் வீட்டு முற்றத்தை உளவு பார்க்கலாகாது. விதி கட்டாயம் வேண்டும். என் வினா ஒன்றே: அரசிதழில் அவ்விதி எம்மொழியில் வந்தது? இந்தியில்! ஆங்கிலத்தில்! தண்டம் கட்டுவோன் தமிழன். தண்டிக்கும் விதியோ அவன் படிக்கவியலா மொழியில்! இது முறையா?

2023இல் 15,000 மகளிர் குழுக்களுக்கு இக்கருவி வழங்கும் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தனர். நல்ல திட்டம். பெயரோ 'நமோ திரோன் தீதி'! 'தீதி' என்றால் இந்தியில் அக்கை. நம் வயலில் நம் அக்கை இயக்கும் கருவிக்கு நம் மொழியில் ஒரு பெயர் கூடாதா?

சொல்லுக்கா நமக்குப் பஞ்சம்? நல்வினை செய்தோர், ஓட்டுவார் இல்லாத விண்ணூர்தியில் ஏகுவர் என்னும் கருத்தை, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டிற் காண்கிறோம். அதனைக் காட்டி, அன்றே நாம் பறந்தோம் என்று வீண்பெருமை பேசேன். கருவி நம்மிடம் இல்லை. ஆனால் அதனைச் சொல்லும் மொழி இருந்தது. இன்று கருவி இருக்கிறது, மொழியைக் கைவிடுகிறோம்!

தமிழ்நாட்டரசு ஆளில்லா வானூர்திக்கென்றே 2022இல் ஒரு கழகம் நிறுவியது. பயிற்சியும் தேர்வும் தமிழில் நடைபெறவும், விதித்தொகுப்பு தமிழில் ஒவ்வொரு வேளாண் அலுவலகத்திலும் கிடைக்கவும் அது வழிசெய்ய வேண்டும்.

தில்லியை மட்டும் பழித்து அமைவது ஆண்மையன்று. தமிழ் கற்ற நாம் என்ன செய்தோம்? அவ்விதிகளுள் உழவர்க்கு வேண்டுவனவற்றை ஒரே தாளில் தூயதமிழில் எழுதித் தர யான் ஒப்புகிறேன். அதனை அச்சிட்டு ஊர்தோறும் கொடுப்பது இளைஞர்களே, உங்கள் கடன்! நிலம் நமது, அதன்மேல் உள்ள வானத்தின் சட்டமும் நம் மொழியில் ஒலிக்கட்டும்!

வாழ்க தமிழ்!