வளர்ந்தானா? வளர்த்தாயா?



‘கால்பந்துக் கிளப்புக்கு ஆள் வாங்குவதில் உள்ளூர் ஒதுக்கீடு வழிகாட்டியா, விலங்கா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா ‘விலங்குதான்’ என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா, விலங்கு போட்ட கை இவ்வளவு தாராளமாவா செலவு பண்ணும்? (சிரிப்பு)

விதியைப் பாருங்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2010-ல் வந்தது. பட்டியலில் 25 பேர். வெளியே வளர்ந்தவர்கள் அதில் 17-க்கு மேல் கூடாது. சரி, உள்ளூர் ஆள் யாரு? 21 வயசு முடியறதுக்குள்ள மூணு பருவம் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு கிளப்பில் பதிவாகி இருந்தால் போதும். எந்த நாட்டுக்காரன் என்ற கேள்வியே கிடையாது!

செஸ்க் ஃபாப்ரிகாஸ். பார்சிலோனாவிலிருந்து 2003-ல் ஆர்சனலுக்கு வந்தார், 16 வயசில். 2010-ல் ஸ்பெயினோடு உலகக் கோப்பை வாங்கினார். 2011-ல் பார்சிலோனாவுக்கே திரும்பினார். 2014-ல் செல்சி அவரை வாங்கியபோது, கணக்கில் அவர் உள்ளூர்ப் பிள்ளை! (கைதட்டல்) 2021 முதல் 18 வயதுக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பையனை இங்கிலாந்து கிளப்புகள் எடுக்க முடியாது. அந்தக் கதவு மூடியாச்சு. ஆனால் சந்தைக் கதவு திறந்தேதான் இருக்கு.

ராப் கிரீன்னு ஒரு கோல்கீப்பர். 2018-ல், 38 வயசில், செல்சிக்கு வந்தார். ஒரு போட்டியில்கூட இறங்கவில்லை. 2019-ல் யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்! கிளப்புக்கு உள்ளூர்க் கணக்கில் ஓர் இடம் நிரம்பியது. பந்தைப் பிடிக்க வேண்டிய ஆள், பட்டியலில் இடம் பிடித்தார்! (பலத்த சிரிப்பு)

தமிழ் வாத்தியார் நான், இலக்கணம் இல்லாமல் இறங்க மாட்டேன். ‘வளர்ந்தான்’ தன்வினை. ‘வளர்த்தான்’ பிறவினை. நடுவிலே ஒரே ஒரு மெய்யெழுத்துத்தான் மாறுது. பிரீமியர் லீக் விதி கேட்பது, ‘இவன் இங்கே வளர்ந்தானா?’ என்று. ‘நீ வளர்த்தாயா?’ என்று கேட்கவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க நம்ம ஊர்ல. இவங்க, ஊரார் ஊட்டி வளர்த்த பிள்ளையைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்து, ‘பாருங்க, வீட்டுப் பிள்ளை’ன்றாங்க!

ஐரோப்பியச் சங்கம் யூஃபா விவரமான ஆள். அதன் 25 பேர் பட்டியலில் 8 பேர் உள்ளூர். அதில் 4 பேராவது அந்தக் கிளப்பே வளர்த்தவர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் போட முடியாது. அந்த இடம் காலி! இந்த விதி பிறவினையில் கேட்கிறது.

கேட்டும் என்ன பயன்? மேசன் மவுன்ட். ஆறு வயசில் செல்சிக்கு வந்த பிள்ளை. 2021-ல் சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியில் ஆடினான். 2023-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். ஒப்பந்தப் பிரச்சினை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் என்ன சொல்லுது? வாங்கின ஆளை விற்றால், கொடுத்த விலையில் கழியாத மிச்சம் போகத்தான் லாபம். வளர்த்த பிள்ளையை விற்றால் வந்தது அத்தனையும் லாபம்! ஒரு விதி ‘வளர்’ என்கிறது, ஒரு கணக்கு ‘வில்’ என்கிறது. நடுவிலே நிற்கிறவன் அந்தப் பையன்.

2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ராயல் ஆன்ட்வெர்ப் வழக்கில், இதே இடத்தைத்தான் தொட்டது. இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க இந்த விதி உண்மையிலேயே உதவுகிறதா, காட்டு என்றது.

ஆகவே நடுவர் அவர்களே, இந்த விதி விலங்கல்ல, வழிகாட்டிதான். ஆனால் ‘வளர்ந்தானா’ என்று கேட்டால் சந்தைக்கு வழி காட்டும். ‘வளர்த்தாயா’ என்று கேட்டால் பயிற்சி மைதானத்துக்கு வழி காட்டும். அங்கே காத்திருக்கிற பத்து வயசுப் பையனுக்காக, எந்தக் கேள்வி வேண்டும் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.