படமும் பாடமே

முதலாம் ஆண்டுப் பிள்ளை புத்தகத்தைத் திறந்ததும் படத்தைத்தான் பார்க்கும். "எழுத்தைப் படி" என்று அதட்டலாகாது என்போம்.

அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுவின் கதையில், புழு திங்களன்று ஓர் ஆப்பிளையும் செவ்வாயன்று இரண்டு பேரிக்காயையும் தின்னும். தின்ற இடத்தில் தாளிலேயே துளை இருக்கும்! பிள்ளை அதில் விரலை விட்டு எண்ணும்போதே கிழமையும் எண்ணும் மனத்தில் பதிந்துவிடும்.

படத்தைக் கொண்டே சொல்லை ஊகித்துவிடும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே, முதலில் படத்தைப் பற்றிப் பேசுவோம். பிறகு சொல்லின்மேல் விரல் வைத்து வாசிக்கச் செய்வோம்.

எழுத்தறியாத தாய்மார்களே, நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டாம். "பிறகு புழு என்ன செய்தது?" என்று கேளுங்கள். பிள்ளை உங்களுக்குக் கதை சொல்லும். வேலை முடிந்து களைத்து வரும் மாலையிலும் அதற்குப் பத்து நிமிடம் போதும்.