பயிர்க் காவலும் காற்றுத் துப்பாக்கியும்



கோட்டக்குப்பத்தைச் சுற்றியுள்ள வானூர், மரக்காணம் பகுதிகளில் மணிலாவும் உளுந்தும் கம்பும் பயிரிடுவோருக்கு நெடுநாளைய குறை ஒன்று உண்டு. விதையில் ஒரு பகுதி முளைப்பதற்கு முன்னரே புறாவுக்கும் காகத்துக்கும் இரையாகிவிடுகிறது. எஞ்சியது கதிர் விட்டால், பால் பிடிக்கும் பருவத்தில் கிளியும் குருவியும் வந்துவிடுகின்றன. ஆகவே சிலர் பரண்மீது கிடக்கும் பழைய காற்றுத் துப்பாக்கியை எடுத்துத் துடைக்கத் தொடங்குகின்றனர். இதனால் பயிருக்கு நன்மை உண்டா என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலாவதாகப் புறாவின் இயல்பை அறிதல் வேண்டும். மாடப்புறா ஓர் ஈட்டில் இரண்டு முட்டையிடும். ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கும். பத்துப் புறாக்களைச் சுட்டால், தீனி இருக்குமிடத்துக்கு வேறு பத்து வந்து சேரும். காற்றுத் துப்பாக்கியின் ஓசையும் சிறிது. கூட்டம் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, வயலின் மறு மூலையில் இறங்கிவிடும். அன்றியும், சுடும் வயலில் புழுவைத் தின்னும் கரிச்சானும் மைனாவும்கூடத் தங்குவதில்லை. 1958-இல் சீன நாட்டில் தானியத்தைக் காப்பதற்கென்று சிட்டுக்குருவிகளை நாடெங்கும் கொன்றனர். பூச்சிகள் பெருகிப் பயிரை அழித்தன. 1960-இல் ஒழிக்கவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியின் பெயரை அவர்களே நீக்கினர்.

இரண்டாவது, சட்டம். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும், 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு, 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. இதைக் கொண்டு, எந்தப் பறவையையும் சுடலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. உரிம விலக்கு துப்பாக்கிக்குத்தான், வேட்டைக்கு அன்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கிளியையும் மயிலையும் மற்றும் பல பறவைகளையும் காக்கிறது. மயிலைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. ஊரில் பறக்கும் புறா அண்டை வீட்டார் வளர்ப்பதாகவும் இருக்கலாம். அதைச் சுட்டால் வழக்கும் பகையுமே மிஞ்சும். ஆதலால் வனத்துறையினரைக் கேட்டறியாமல் எந்தப் பறவையையும் சுடுதல் கூடாது.

துப்பாக்கியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அட்டையில் குறி பயில அது நல்ல கருவி. பழையதாயினும் பேணினால் நெடுங்காலம் உழைக்கும். நம் ஊர்க் கடற்காற்றில் உப்பு உண்டு. இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். கையாண்டபின் வெளிப்புறத்தை எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, ஈரமற்ற இடத்தில் வையுங்கள். உள்ளே தோல் வாசர் இருப்பின், அது காய்ந்தால் காற்றுக் கசியும். எப்பொழுதாவது ஓரிரு துளி எண்ணெய் போதும். மிகையாக விட்டால் அறைக்குள் எண்ணெய் தீப்பற்றி வெடித்து வில்லையும் வாசரையும் கெடுக்கும். ரவையின்றி விசையை இழுக்காதீர்கள். சுருள்வில்லை இழுத்த நிலையில் விட்டு வைக்காதீர்கள். ரவை போடும்போது குழலைக் கையால் இறுகப் பிடித்துக்கொள்ளாவிட்டால், அது திடீரெனத் திரும்பி விரலை நசுக்கும். ரவை ஈயத்தால் ஆனது. தொட்டபின் கை கழுவுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்; ஒரு ரவை கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

பறவையைக் காத்துப் பயன்பெற்ற ஊர் நமக்கு அருகிலேயே இருக்கிறது. மதுராந்தகம் வட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அவ்வூர் விவசாயிகளே முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் நெல்லுக்கு எருவாவதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் பக்கத்துக் கழுவெளியும் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதனுள் அனுமதியின்றித் துப்பாக்கியுடன் நுழைவதே குற்றம்.

அப்படியானால் பயிரைக் காப்பது எவ்வாறு? இது தனி ஒருவரால் ஆவதன்று. ஊர் கூடிச் செய்யவேண்டியது. ஒரே கிழமையில் அனைவரும் விதைத்தால் சேதம் பங்கிடப்பட்டுக் குறையும். முந்தி விதைத்தவர் வயலே முழுதும் பாழாகும் நிலை நேராது. விதையை மண்ணால் நன்கு மூடுங்கள். மேலே தெரியும் விதையே புறாவை அழைக்கிறது. முளைக்கும் வரையில் ஏழு முதல் பத்து நாள் விடியலிலும் மாலையிலும் முறைவைத்துக் காவல் இருங்கள். மினுமினுக்கும் நாடாவை முறுக்கிப் பயிருக்குமேல் கட்டி, சில நாட்களுக்கொருமுறை இடம் மாற்றுங்கள். பரணும் கவணும் தகர ஒலியும் நம் முன்னோர் கண்ட முறைகளே. ஒன்றையே நம்பாமல் மாற்றி மாற்றிக் கையாண்டால் பறவை பழகிவிடாது. களத்தில் சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளுவதும் காவலின் ஒரு பகுதியே.

இம்முறை விதைப்புக்கு முன்னர், ஒவ்வொரு பஞ்சாயத்தும் விதைப்பு நாளையும் காவல் முறையையும் கூட்டத்தில் முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வயலை ஒருவர் காக்கலாம். ஊரின் விளைச்சலை ஊர்தான் காக்க முடியும்.