அம்மாவைப் பார்க்காத குஞ்சு

பாட்டி வீட்டுல தாய்க்கோழி குப்பையைக் கிளறும். குஞ்சுங்க அதோட எச்சத்தையும் சேர்த்துக் கொத்தும். எனக்கு அருவருப்பா இருக்கும், விரட்டிவிடுவேன். நான் கெடுத்தது அதுங்களோட முக்கியமான சாப்பாட்டைன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சது.

முட்டையை உடைச்சு வர்ற குஞ்சோட குடல், கிட்டத்தட்ட காலி வீடு. பாக்டீரியாக்கள்ல முதல்ல வர்றவங்க குடியேறிடுவாங்க. தாய் பக்கத்துல இருந்தா அவளோட பாக்டீரியா வந்துசேரும். பொரிப்பகத்துல? 21 நாள் மெஷின், அப்புறம் அட்டைப்பெட்டி. அம்மாவைப் பார்க்கறதே இல்லை. அந்த முதல் சில நாள்ல கொஞ்சூண்டு சால்மோனெல்லா போனாலே போதும், இடம் பிடிச்சிடும். பல நேரம் கோழி நல்லாத்தான் இருக்கும். வயித்துப்போக்கும் காய்ச்சலும் அரைவேக்காடா சாப்பிட்ட நமக்கு!

1970-களின் தொடக்கத்தில் பின்லாந்துப் பண்ணைகளில் இந்தக் கிருமி பரவியது. நுர்மி, ரன்டாலா என்ற இரு ஆய்வாளர்கள் வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்துப் பச்சிளங்குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு சால்மோனெல்லாவையும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான குஞ்சுகளில் அதனால் காலூன்ற முடியவில்லை. 1973-ல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. யோசிச்சுப் பாருங்க, பாட்டி வீட்டுக் குப்பைமேட்டுல தினமும் நடந்ததுதான்!

இப்போ சில பொரிப்பகங்கள்ல அந்த மாதிரி பாக்டீரியாக் கலவையைக் குஞ்சுங்க மேல ஸ்ப்ரே பண்றாங்க. இறகைக் கோதும்போது அது வாய்வழியா உள்ளே போயிடும். அம்மா வேலையை ஒரு ஸ்ப்ரேயர் பார்க்குது.