யார் பணம் என்று பெற்றோருக்கும் சொல்வோம்



குழந்தைகள் தீவிர சிகிச்சை ஆய்வைப் பற்றிப் பேச திருவனந்தபுரத்தின் இந்தச் சாலைக் கடைத்தெருவைத் தேர்ந்த அமைப்பாளர்களுக்கு நன்றி. ராஜா கேசவதாசன் வளர்த்த சந்தை. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் தெரு. இங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் ஸ்ரீ சித்திராவும். குமரி மாவட்டத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் நம்பி நுழையும் வாசல்கள் அவை.

அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து நாம் நடத்தும் ஆய்வுகளின் நிதி விவரத்தை யாருக்குச் சொல்கிறோம்? ஆய்விதழைப் படிப்பவருக்கு, கட்டுரையின் கடைசியில், பொடி எழுத்தில் சொல்கிறோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்ட தாய்க்குச் சொல்வதில்லை. ஆய்வில் சேர்பவருக்கு நிதி எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று ஹெல்சிங்கி அறிக்கை சொல்கிறது. நாம் அதை மேற்கோள் காட்டுவதோடு சரி.

2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வை நீங்கள் அறிவீர்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் கடுங்காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகள். வேகமாக ஆல்புமின் அல்லது சலைன் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் 10.6, 10.5 சதவீதம், அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3. நாம் பாடமாகவே படித்திருந்த சிகிச்சையை அந்த எண்கள் கேள்விக்குள்ளாக்கின. பணம் பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலுடையது. திரவங்களை இலவசமாகத் தந்தது பாக்ஸ்டர் கம்பெனி. இரண்டும் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தன. கம்பெனி கொடுத்த பொருளுக்கே முடிவு பாதகமாக வந்தது என்பதை நம்மால் பார்க்க முடிந்தது அதனால்தான். கொடுத்தவர் பெயரை எழுதுவது யார் மீதும் குற்றம் சாட்டுவதாகாது.

இனி நம் ஊர்க் கதை. 1999-2000இல் இந்நகர மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யில் வாய்ப் புற்றுநோயாளிகள் 26 பேருக்கு ஒரு புதிய வேதிப்பொருள் ஊசியாகப் போடப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவருடன் கூட்டாக நடந்த சோதனை. விஷயம் வெளியே வந்த பிறகு, 2001இல், தன் நெறிமுறைக் குழுவின் அனுமதியே பெறப்படவில்லை என்று கண்டறிந்த அப்பல்கலைக்கழகம், அந்த ஆய்வாளர் மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கத் தடை விதித்தது. கூட்டு ஆய்வின் ஆபத்தே இதுதான்: அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நாமும், நாம் பார்த்திருப்போம் என்று அவர்களும் இருந்துவிடுவோம். அந்த நோயாளிகள் வாய்விட்டுக் கேள்வி கேட்கக்கூடிய பெரியவர்கள். வெண்டிலேட்டரில் கிடக்கும் எட்டு மாதக் குழந்தை யாரைக் கேட்கும்?

டெல்லி எய்ம்ஸில் 42 சோதனைகளில் 4,142 குழந்தைகள் சேர்க்கப்பட்டதும் அவர்களில் 49 பேர் இறந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவே 2008இல் வெளியே தெரிந்தன. நோயின் கடுமையால் நேர்ந்த இறப்புகள் என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் கேட்ட பிறகு வந்த பதிலை ஊர் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை.

கம்பெனிப் பணம்தான் மனத்தைச் சாய்க்கும் என்பது நமக்கு வசதியான நினைப்பு. ஸ்ரீ சித்திராவில் உருவாகி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இதய வால்வு டி.டி.கே. கம்பெனி வழியாகச் சந்தைக்குப் போனது. நாமெல்லாம் பெருமைப்படும் கதை. அத்தகைய பெருமையும் ஆய்வாளரைச் சாய்க்கவல்லது. சொந்தக் கண்டுபிடிப்பைச் சொந்த மருத்துவமனையிலேயே சோதிக்கும் எவரும் அந்த உறவை எழுதித்தான் ஆக வேண்டும்.

2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை இந்தியப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். பண உதவியும் பொருளுதவியும் எங்கிருந்து என்று அங்கே எழுத இடமுண்டு. நள்ளிரவில் ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் தகப்பன் அந்த ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில், மலையாளத்திலும் தமிழிலும், பணம் தருவது யார், மருந்தையோ கருவியையோ இலவசமாகத் தருவது யார், சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் மருத்துவமனைக்கு வருவது எவ்வளவு என்று எழுதுவோம். உயிர் ஊசலாடும் நேரத்தில் இதைப் படிக்கச் சொல்ல முடியாதுதான். ஃபீஸ்டில் முதலில் வாய்மொழிச் சம்மதம் பெற்று, நிலைமை தணிந்த பின் விளக்கி எழுத்தில் வாங்கினார்கள். அந்த இரண்டாம் பேச்சில் பணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைச் சொன்னால் பெற்றோர் பயந்து மறுத்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சிலர் என்னிடம் வாதாடினார்கள். மறுக்கட்டுமே. மறுத்தாலும் சிகிச்சை மாறாது என்று அதே படிவத்தில் நாம்தானே அச்சடித்திருக்கிறோம்! மதிய அமர்வுக்கு அவரவர் மருத்துவமனைப் படிவத்தைக் கொண்டுவாருங்கள். மேசைமேல் வைத்தே பேசுவோம்.