சுவருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம்

(ஆண்டு விழாவில் சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



கலை நிகழ்ச்சிகளுக்கு முன்னால் கல்விக் குழுவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சலங்கை கட்டிய குழந்தைகள் திரைக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். ஆகவே முகவுரை வேண்டாம். நேரே பொருளுக்கு வருகிறோம்.

நம் காலனியின் பின்புறச் சுவருக்கு அப்பால் ஒரு மாநகராட்சிப் பள்ளி இருக்கிறது. அதன் மணியோசையைக் கேட்டுத்தான் நம்மிற் பலர் கடிகாரத்தைச் சரிபார்க்கிறோம். ஆனால் அங்கே முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தமிழில் பாடம் நடக்கிறது என்பதை இந்த அவையில் எத்தனை பேர் அறிவீர்கள்? மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அவற்றுள் ஒன்று. தமிழகத்துக்கு வெளியே ஒரு மாநகரம் தன் வரிப்பணத்தில் தமிழ்ப் பள்ளி நடத்துவதைச் சிறிய காரியமென்று எண்ணிவிடலாகாது. பிள்ளைகள் குறைந்தால் வகுப்பு குறையும். வகுப்பு குறைந்தால் ஒரு நாள் அந்தக் கதவு அடைபடும். அடைபட்ட கதவை மறுபடி திறப்பது எளிதன்று.

இந்நகருக்கு வந்த நம் முன்னோர் கல்வியில் அசட்டையாய் இருந்தவர்கள் அல்லர். 1932-லேயே மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விக் கழகத்தை நிறுவினார்கள். அவை இன்று பெருங் கல்விச் சாலைகளாய் வளர்ந்திருக்கின்றன, பெருமைப்படத்தக்கதே. ஆனால் அதே நகரில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்து சேர்ந்த தமிழர்களின் பிள்ளைகள் படித்தது பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளியில். நமக்கு வேண்டிய பள்ளியை நாம் கட்டிக்கொண்டோம். அவர்களுக்கு வாய்த்த பள்ளியை எட்டிப் பார்த்தோமா என்றால், இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

நம் சங்கமும் சும்மா இருக்கவில்லை என்பீர்கள். உண்மைதான். ஒன்பது ஆண்டுகள், ஜூன் மாதந்தோறும் அந்தப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கினோம், புகைப்படம் எடுத்தோம், இம்மலரிலேயே வெளியிட்டோம். ஒன்பதாம் ஆண்டில் தலைமையாசிரியர் மிகுந்த கூச்சத்தோடு ஒரு செய்தி சொன்னார். நோட்டு, பை, சீருடை, காலணி எல்லாவற்றையும் மாநகராட்சியே இலவசமாகத் தருகிறதாம்! ஒன்பது ஆண்டுகளில் ஒரு தடவைகூட ‘என்ன வேண்டும்?’ என்று நாம் கேட்டதில்லை.

அன்று கேட்டோம். இரண்டாம் மாடிக் கழிப்பறையில் தண்ணீர் வந்து ஓராண்டுக்கு மேலாகிறது என்றார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் மதியத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சிலர் திரும்பி வருவதேயில்லை. ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களின் இடம் காலியாகவே கிடந்தது. கணக்குக்கு ஆளில்லாமல் ஒரே ஆசிரியை இரண்டு வகுப்புகளை ஓர் அறையில் வைத்து நடத்திக்கொண்டிருந்தார்.

சங்கத்தின் முகப்புத்தாளில் அழகான ஆங்கிலத்தில் மூன்று கடிதங்கள் எழுதினோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. பின்னரே நம் உறுப்பினராகிய வழக்கறிஞர் ஒருவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அக்குழுவின் வேலை. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் குடிநீரும் இருந்தாகவேண்டும் என்று அதன் அட்டவணை விதிக்கிறது. ஆசிரியர் காலியிடம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 26-ஆம் பிரிவு. நாம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தவை யாவும் அவர்களுக்குச் சட்டப்படி உரியவை.

சிக்கல் அடுத்தாற்போல் வந்தது. அந்தக் குழுவில் பெற்றோராக உட்கார நம்மில் ஒருவருக்கும் தகுதியில்லை; நம் பிள்ளை ஒன்றேனும் அங்கே படிக்கவில்லை. குழு காகிதத்தில் முன்பே இருந்தது. உறுப்பினர்கள் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரவர்கள்? நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாய்மார்கள், நம் வாசலில் நிற்கும் காவலாளியின் மனைவி, சந்தையில் பூக்கட்டும் அம்மாள். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் அவர்கள் எப்படி வருவார்கள்? ஒரு தடவை இருவர் துணிந்து போனார்கள். அன்றைய கூலியை அவர்களுக்குப் பிடித்தம் செய்த வீடுகள் நம் காலனியில்தான் இருக்கின்றன. பெயர் சொல்லப்போவதில்லை, சங்கடப்படவேண்டியவர்களுக்கு இதுவே போதும்.

அவர்களைச் சந்திக்கப் போனபோது ஒரு தாய் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “நீங்க போனா ‘உக்காருங்க’ன்னு சொல்வாங்க. நாங்க போனா ‘எழுதிக் குடுங்க’ன்னு சொல்வாங்க. எங்களுக்கு எழுதத்தாம்மா வராது.” அடுத்தவர் கேட்டார்: “பள்ளிக்கூடம் நல்லாயிருக்கணும்னு சொல்றீங்களே, உங்க பிள்ளைய ஏன் இங்க சேக்கல?” குழுவினர் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்றுவரை அவருக்கு நம்மிடம் விடையில்லை.

ஊரார் கைகொடுத்துப் பள்ளி வளர்ந்த வரலாறு தமிழர்க்குப் புதிதன்று. காமராசர் முதலமைச்சராய் இருந்த நாளில், கல்வித் துறையை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராகக் கூட்டினார். கரும்பலகையும் பெஞ்சும் கட்டடமும் ஊராரின் கொடையாக வந்து குவிந்தன. மதிய உணவும் முதலில் ஊராரின் அரிசியில்தான் வெந்தது. 1957-ல் அரசு மானியம் வந்த பின்பும் செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஊராருடையது. ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. கொடுத்த ஊராரின் பிள்ளைகளே அங்கே படித்தார்கள். நாம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கொடுக்கிறோம். ஆதலின் நாம் முன்னால் நின்று பேசுவது முறையாகாது. அந்தத் தாய்மார்களுக்குப் பின்னால் நிற்பதே முறை என்று முடிவு செய்தோம்.

செய்தது மிகவும் சாதாரண வேலை. கூட்டத்தை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாற்றும்படி அவர்களைக் கொண்டே கேட்கச் சொன்னோம், தலைமையாசிரியர் மறுக்கவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, மராத்தியில் பெயர்த்து, திரும்பத் தமிழில் படித்துக் காட்டி, பிறகே கையெழுத்து வாங்கினோம். இந்த ‘படித்துக் காட்டுதல்’ முதலில் எங்களுக்கு வீண்வேலையாகத் தோன்றியது. மூன்றாம் கூட்டத்தில் பூக்கட்டும் அம்மாள், “நான் இதைச் சொல்லலியே” என்று ஒரு வரியை அடிக்கச் சொன்னார். நமக்குத் தோன்றியதை நாமே அவர் வாயில் போட்டிருந்தோம்!

குழுவின் தீர்மானம், சட்டப் பிரிவின் எண்ணோடு, வார்டு அலுவலகத்துக்கு ஐந்து தாய்மார்களின் கையால் போயிற்று. மூன்று வாரத்தில் பொறியாளர் வந்தார். குழாய்க்குத் தண்ணீர் வர நான்கு மாதமாயிற்று. மதியத்துக்கு மேல் பெண்பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவர் வந்துவிட்டார்; இன்னோர் இடம் இன்னும் காலிதான். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மேலே எங்கே படிப்பது என்ற பெரிய கேள்வியை இன்னும் தொடவேயில்லை.

இவ்வாண்டு உங்களிடம் பணம் கேட்க வரவில்லை; பொருளாளருக்கு இது வியப்பாயிருக்கும். மராத்தி நன்றாக எழுதத் தெரிந்த இருவர் வேண்டும். சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லித்தர, வந்தால் ஓராண்டு நிற்கக்கூடியவர் மூவர் வேண்டும். ஒரு மாதத்தில் நின்றுவிடுபவர் வராதிருப்பதே உபகாரம். பள்ளிக் கூட்டம் என்று சொல்லி உங்கள் வீட்டு வேலைக்கார அம்மாள் விடுப்புக் கேட்டால், கூலியைப் பிடிக்காதீர்கள்.

அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, பள்ளியின் இரண்டாம் மாடியில். பேச வேண்டியவர்கள் அவர்கள். நாம் பின்வரிசையில் உட்காரலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் வாசலில் மலர் விற்கும் மேசையருகே எங்களைக் காணலாம். பத்து நிமிடம் ஆகிவிட்டது, குழந்தைகள் வரட்டும்.